கடிதப் பையும் பார்சல் கட்டும்

(தாடிக்கொம்பில் நடைபெற்ற கிராம நலக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வட்டார வளர்ச்சி அலுவலரின் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் தபால். “தபாலாபீஸ் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது, அதற்கும் நமது ஒன்றியத்திற்கும் என்ன தொடர்பு?” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. கிராமத்தில் சாலை எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அந்தச் சாலை வழியே சென்று வரும் தபால் பை. சாலை பழுதானால் உடனே மனு எழுதுகிறோம். தபால் பை மெலிந்துகொண்டே வருவதை மட்டும் எவரும் கவனிப்பதில்லை.

கிராமத்துக் கிளை அஞ்சலகம் நிலைத்து நிற்குமா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. கிராமத்திற்கு என்ன வந்து சேருகிறது என்பதைக் காட்டிலும், கிராமத்திலிருந்து என்ன புறப்பட்டுச் செல்கிறது என்பதே அதனை முடிவு செய்யும். இந்த ஒரு கருத்தை உங்கள் மனத்தில் பதியவைக்கவே வந்திருக்கிறேன்.

காலத்திற்கேற்ற மாற்றம்

நமது நாட்டில் 1774-ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தபால் பொதுமக்களின் உபயோகத்திற்குத் திறந்துவிடப்பட்டது. 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதியன்று நாடு முழுவதற்கும் ஒரே தபால் இலாகா ஏற்பட்டது. எவ்வளவு தூரமாயினும் எடைக்கேற்ற ஒரே கட்டணம் என்னும் முறையும் அப்போதே வந்தது. இது ஒரு பெரும் புரட்சியாகும். அடுத்த ஊருக்கும் அரை அணா. ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஊருக்கும் அரை அணா. ஏழையின் கடிதமும் செல்வந்தரின் கடிதமும் ஒரே பையில், ஒரே கட்டணத்தில் சென்றன.

அதன் பிறகு தபால் இலாகா கடிதத்தோடு நின்றுவிடவில்லை. 1877-ல் வி.பி.பி. முறை வந்தது. பொருளைப் பெற்றுக்கொள்ளும்போது பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்தால் போதும். இன்று இணையக் கடைகள் புதுமைபோல் சொல்லும் ‘பொருள் கைக்கு வந்தபின் பணம்’ என்னும் ஏற்பாட்டை நமது தபாலாபீஸ் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே நடத்திக் காட்டியிருக்கிறது. 1879-ல் அஞ்சலட்டை வந்தது, 1880-ல் மணியார்டர், 1882-ல் சேமிப்பு வங்கி. மக்களின் தேவை எதுவோ அதனைத் தன் பையில் ஏற்றிக்கொண்டே தபால் வளர்ந்திருக்கிறது. மாற்றம் அதற்குப் புதிதன்று.

நாடு விடுதலை பெற்றபோது இருந்த அஞ்சலகங்கள் 23,344.  இன்று நாட்டில் உள்ள அஞ்சலகங்கள் 1,64,000-க்கும் அதிகம். பத்தில் ஒன்பது பங்கு கிராமங்களிலேயே இருக்கின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு விரிந்த தபால் அமைப்பு இல்லை. இவ்வளவு அஞ்சலகங்களை எவ்வாறு திறக்க முடிந்தது? பள்ளி ஆசிரியரும், கடைக்காரரும், நிலமுடையவரும் தம் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ சில மணி நேரம் தபால் வேலை பார்க்க முன்வந்தமையால்தான். அம்முறையின் வழியில் வந்தவர்களே இன்று ‘கிராம அஞ்சல் ஊழியர்’ எனப்படுவோர். நாளொன்றுக்கு 4 மணி அல்லது 5 மணி நேரமே அவர்களுடைய வேலைக் கணக்கு. ஆயினும் மழையிலும் வெயிலிலும் நம் வாசலுக்கு வருகின்றவர்கள் அவர்களே.

கடிதம் குறைந்தது

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் கடிதங்களை இன்று எவர் எழுதுகிறார்? திருமணச் செய்தி, மகப்பேற்றுச் செய்தி, இழவுச் செய்தி யாவும் கைபேசியில் நொடிப்பொழுதில் சென்றுவிடுகின்றன. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. செய்தி விரைவாகச் செல்வது நன்மையே. ஆனால் இலாகாவின் வரவு செலவுக் கணக்கில் அதன் விளைவு பெரிது. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தந்திச் சேவை முடிவுற்றது. பழைய முறை மணியார்டர் 2015-ல் நிறுத்தப்பட்டு, மின்னணு மணியார்டர் அதன் இடத்தைப் பெற்றது. முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். 1986-ல் தொடங்கிய விரைவுத் தபாலுடன் பதிவுத் தபால் 2025-ல் இணைக்கப்பட்டுவிட்டது.

இது நம் நாட்டிற்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டில் முதல்தரக் கடிதங்கள் ஏறத்தாழ 10,300 கோடி இருந்தன. 2023-ல் அவை சுமார் 4,600 கோடியாகக் குறைந்தன. டென்மார்க் நாட்டின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே 1624-ல் அரசத் தபால் தோன்றியது. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 140 கோடிக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. 2024-ல் அவை 11 கோடியாக அருகிவிட்டன. 2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30-ஆம் தேதியோடு அந்நாட்டின் அரசத் தபால் நிறுவனம் கடித விநியோகத்தை அடியோடு நிறுத்திக்கொண்டது. தெருக்களில் நின்ற சுமார் 1,500 சிவப்புத் தபால் பெட்டிகள் அகற்றப்பட்டன. இனிக் கடிதம் அனுப்ப விரும்புவோர் தனியார் நிறுவனத்தை நாட வேண்டும். அரசத் தபால் நிறுவனமோ பார்சல்களை மட்டும் கொண்டுசெல்கிறது.

ஒரு தேசத்தின் தபாலை நடத்தும் தலைவர்கள் முன் இன்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, டென்மார்க்கைப் போல் கடிதத்தைக் கைவிட்டுப் பார்சலை மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டாவது, கட்டணத்தை உயர்த்திக்கொண்டே போவது. உயர உயர அனுப்புவோர் குறைவர். மூன்றாவது, வீட்டு வாசல் வரை நடந்து செல்லும் அதே மனிதரிடம் மேலும் பல பயனுள்ள வேலைகளை ஒப்படைப்பது. வீட்டுக்கு வீடு இணையமும், ஊருக்கு ஊர் நல்ல சாலையும் உள்ள சிறிய நாட்டிற்கு முதல் வழி பொருந்தலாம். நமக்கு அது பொருந்தாது. நமது நாடு மூன்றாவது வழியைத் தேர்ந்துள்ளது.

புதிய பணிகள்

அவ்வழியில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை வரிசையாகக் கூறுகிறேன். 2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தொடங்கிய ‘தர்பண்’ திட்டத்தின் மூலம் 1,29,000 கிளை அஞ்சலகங்களுக்குக் கையடக்கக் கருவிகளும் சூரிய ஒளி மின்வசதியும் அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்று இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி நாடெங்கும் தொடங்கப்பட்டது. ஆதார் எண்ணையும் விரல் ரேகையையும் கொண்டு, எந்த வங்கியில் கணக்கிருப்பினும் தபால்காரரிடமே பணம் பெற முடிகிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பேருந்தும் இல்லாமல் வங்கிக்குச் செல்லவும் இயலாமல் இருந்த முதியோருக்கு இவ்வசதி எவ்வளவு உதவிற்று என்பதை நாம் அறிவோம். அந்நாட்களில் மருந்துப் பெட்டிகளையும் தபால் இலாகாவே சுமந்து சென்றது.

2022-ல் அஞ்சல் ஏற்றுமதி மையங்கள் தொடங்கப்பட்டன. நாடெங்கும் ஏறத்தாழ 1,000 மையங்கள் அமைந்துள்ளன. சிறிய உற்பத்தியாளர் ஒருவர் துறைமுகத்திற்கோ விமான நிலையத்திற்கோ அலையாமல், தம் பகுதி அஞ்சலகத்தின் வழியாகவே சுங்க விவரங்களை இணையத்தில் பதிந்து வெளிநாட்டிற்குப் பொருள் அனுப்பலாம். வெளிநாட்டு வியாபாரத்தில் இடையூறும் உண்டு. அமெரிக்காவின் சுங்க விதிகள் மாறியதால் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டிற்குரிய தபால் சேவை நிறுத்தப்பட்டு, அக்டோபர் 15-ஆம் தேதியன்றுதான் மீண்டும் தொடங்கியது. ஒரே சந்தையை நம்பி இருத்தலாகாது என்பதற்கு இது சான்று.

சட்டமும் மாறிவிட்டது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் கடிதம் கொண்டுசெல்லும் தனியுரிமையை அரசாங்கத்திற்கு அளித்திருந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அத்தனியுரிமை இல்லை. இனித் தபால் இலாகா சட்டத்தின் காவலில் வாழ இயலாது. சேவையின் சிறப்பினால்தான் வாழ வேண்டும்.

கிளை அஞ்சலகத்தின் கணக்கு

பலரும் அறியாத ஒரு கணக்கை இப்போது கூறுகிறேன். கிராமத்தில் கிளை அஞ்சலகம் திறப்பதற்குச் சில நியதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சமவெளிப் பகுதியில் அந்தக் கிராமத் தொகுதியின் மக்கட்தொகை 3,000 இருத்தல் வேண்டும். அடுத்த அஞ்சலகம் 3 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும். எதிர்பார்க்கும் வருமானம் செலவில் மூன்றில் ஒரு பங்கேனும் தேற வேண்டும். கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கு இந்த அளவு நூற்றுக்குப் பதினைந்தாகத் தளர்த்தப்பட்டுள்ளது.

இதன் பொருள் யாது? கிராம அஞ்சலகம் இலாபம் ஈட்ட வேண்டும் என்று அரசாங்கம் கேட்கவில்லை. மூன்று ரூபாய் செலவானால் இரண்டு ரூபாயைத் தேசம் ஏற்றுக்கொள்கிறது. ஒரு ரூபாயை மட்டும் ஊர் ஈட்டித் தரட்டும் என்கிறது. இது தாராளமான ஏற்பாடு. ஆனால் அந்த ஒரு ரூபாயும் வராவிட்டால்? கிளை அஞ்சலக ஊழியரின் ஊதிய நிலையும் வேலை நேரமும் அங்கு நடைபெறும் வேலையின் அளவைப் பொறுத்தே கணக்கிடப்படுகின்றன. வேலை குறைந்தால் நேரம் குறைகிறது. நேரம் குறைந்தால் மக்கள் வரும்போது கதவு மூடியிருக்கிறது. கதவு மூடியிருப்பதைக் கண்டோர் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிவிடுகின்றனர். அதனால் வேலை மேலும் குறைகிறது. கிணற்றில் நீர் இறைக்காவிட்டால் ஊற்றுக்கண் தூர்ந்துபோவதைப் போன்றதே இதுவும்.

“தனியார் கூரியர் இருக்கும்போது கிராம அஞ்சலகம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. தனியார் நிறுவனம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தனக்குக் கட்டுபடியாகும் ஊரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உடையது. ஒரே தெருவில் இருபது பார்சல் கொடுக்கலாமெனில் வரும். மலையேறி ஒரே ஒரு பார்சல் கொடுக்க வேண்டுமெனில் தயங்கும். தபாலுக்கு அந்தத் தேர்வு இல்லை. எல்லா முகவரியும் அதற்கு ஒன்றே. மேலும், படுக்கையில் இருக்கும் பாட்டியின் விரல் ரேகையைப் பெற்று, உதவித்தொகையைக் கையில் எண்ணிக் கொடுப்பது கூரியர் வேலையன்று. பார்சலுக்காக நடக்கும் கால்களே இப்பணிக்கும் நடக்கின்றன. ஒன்று போனால் மற்றொன்றும் போய்விடும்.

ஒருவழிப் பாதை

பார்சல் பெருகிவிட்டது; ஆகவே தபாலுக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. நம் ஊர்களுக்கு வரும் பார்சல்களைக் கவனியுங்கள். துணி, செருப்பு, கைபேசி உறை, பாத்திரம் யாவும் பெருநகரங்களிலிருந்து வருகின்றன. பெருவாரியாகப் பொருள் அனுப்பும் கம்பெனி தன் கட்டணத்தைத் தன் நகரத்திலேயே செலுத்துகிறது. கிளை அஞ்சலகத்திற்குக் கிடைப்பது விநியோக வேலை. கிராமத்தார் தாமே கொண்டுவந்து பதிவு செய்யும் பார்சல்தான் அந்த அஞ்சலகத்தின் வருமானமாகக் கண்ணுக்குத் தெரியும். அதுமட்டுமன்று, வரும் பார்சல் ஒவ்வொன்றுடனும் கிராமத்துப் பணம் வெளியே செல்கிறது. செல்லும் பார்சல் ஒவ்வொன்றுடனும் பணம் உள்ளே வருகிறது. நிரம்பிய பையுடன் வந்து வெறும் பையுடன் திரும்பும் தபால்காரர் ஊரின் பொருளாதார நிலையையே நமக்குக் காட்டுகிறார்.

அனுப்புவதற்கு நம்மிடம் பொருள் இல்லையா? நமது மாவட்டத்தைப் போன்று பெயர் பெற்ற பொருள்கள் உடைய மாவட்டங்கள் சிலவே. திண்டுக்கல் பூட்டு, பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகிய மூன்றும் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. சிறுமலை வாழைப்பழமும் விருப்பாட்சி வாழைப்பழமும் அதற்கு முன்னரே பெற்றவை. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை அறியாதார் இல்லை. முருங்கை ஏற்றுமதி மண்டலமாகத் தமிழக அரசு அறிவித்த மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. பழனித் திருக்கோயிலின் பிரசாதம் தபால் வழியே பக்தர்களின் வீட்டிற்குச் செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. பிரசாதம் போகும் வழியில் முருங்கைக்கீரைப் பொடியும் பூண்டும் சேலையும் போகலாமன்றோ?

சிறியதொரு கணக்குப் போடுவோம். ஒரு கிராமத்தில் இரண்டு மகளிர் குழுக்களும் ஒரு நெசவாளரும் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து பார்சல் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டில் 300 வேலை நாள்களுக்கு 1,500 பார்சல். ஒவ்வொன்றிலும் தரகருக்குப் போகாமல் 40 ரூபாய் மிஞ்சினால் 60,000 ரூபாய் அவ்வூரிலேயே தங்கும். அத்துடன் 1,500 பார்சலுக்குரிய கட்டணம் அந்தக் கிளை அஞ்சலகத்தின் வருமானக் கணக்கில் ஏறும். ஐந்தே பார்சல்! அதற்குத் தொழிற்சாலை வேண்டுவதில்லை; ஒழுங்கு வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, முகவரி. நம் ஊர்களில் பல தெருக்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கதவிலக்கம் ஒருமுறை எழுதியது அழிந்துபோயிற்று; புதிதாகக் கட்டிய வீட்டிற்கு இலக்கமே இல்லை. “வேப்பமரத்துக்கு எதிர்வீடு” என்பது உள்ளூர்த் தபால்காரருக்குப் புரியும். வெளியூரில் தரம் பிரிக்கும் இயந்திரத்திற்குப் புரியாது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி பின்கோடு முறை வந்தது. நமது பகுதிக்குரிய 624 என்னும் முதல் மூன்று எண்களைச் சரியாக எழுதினாலே கட்டு பாதி வழியைத் தவறாமல் கடந்துவிடும். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘டிஜிபின்’ என்னும் முறையை இலாகா வெளியிட்டது. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அளவுள்ள ஒவ்வொரு இடத்திற்கும் பத்து எழுத்தெண் கொண்ட குறியீடு அதில் உண்டு. ஆயினும் அது கதவிலக்கத்திற்கு மாற்றாகாது. தெருப் பலகையும் கதவிலக்கமும் ஊராட்சியின் வேலை. தபால் இலாகா வந்து எழுதித் தராது.

இரண்டாவது, கட்டுமுறை. பொருள் நல்லதாயினும் கட்டு அவிழ்ந்தால் பெயர் கெடும். பார்சல் பல கை மாறும். கிளை அஞ்சலகம், துணை அஞ்சலகம், தரம் பிரிக்கும் நிலையம், லாரி, ரயில், மறுபடியும் பை. பொடி வகைகளை இரட்டை உறையிலிட்டு அட்டைப் பெட்டியில் அடைக்க வேண்டும். எண்ணெய், நெய் போன்ற கசியும் பொருளைத் தக்க பாதுகாப்பின்றி அனுப்பலாகாது. பெறுபவர் முகவரியும் அனுப்புபவர் முகவரியும் அழியாத மையில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, நேரம். பெரும்பாலான கிளை அஞ்சலகங்களில் பை நாளுக்கு ஒருமுறையே புறப்படும். பை கட்டிய பின் ஓடிவந்து பயனில்லை. பால் சொசைட்டிக்கு நேரம் தவறாமல் பால் கொண்டுசெல்லும் நாம், பார்சலையும் அவ்வாறே ஒரு குறித்த நேரத்திற்குள் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கலாம். குழுவில் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றால் போதும்.

இலாகா செய்ய வேண்டியவை

கிராமத்தாருக்கு மட்டும் புத்தி கூறிவிட்டு அமர்வது முறையன்று. இலாகாவை நடத்துவோரிடமும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. கடிதத்திற்காக அமைந்த ஏற்பாடு பார்சலுக்கு அப்படியே பொருந்தாது. தோள்பையில் நூறு கடிதம் அடங்கும். பத்துப் பார்சல் அடங்காது. சைக்கிளிலும் சொந்த மோட்டார் சைக்கிளிலும் செல்லும் ஊழியருக்குப் பார்சல் சுமக்கத் தக்க வசதி வேண்டும். காலையில் மட்டும் திறந்திருக்கும் அஞ்சலகத்தால் பகலெல்லாம் வேலை செய்யும் தாய்மாருக்குப் பயனில்லை. ஊரின் வேலை நேரத்தை அனுசரித்துத் திறக்கும் நேரம் அமைய வேண்டும். சிக்னல் கிடைக்காத இடங்களில் கருவி வெறும் பெட்டியாகிவிடுகிறது. காணாமற்போன பார்சலுக்கு ஈடு பெறும் வழி எளியோருக்கும் எட்ட வேண்டும். இவற்றைக் குறையாக மட்டும் சொல்லிக் கலையாமல், கிராமசபையில் தீர்மானமாக எழுதித் திண்டுக்கல் அஞ்சல் கோட்ட அலுவலகத்திற்கு அனுப்பலாம். இத்தனை பார்சல் தருகிறோம், இந்நேரத்தில் பை எடுங்கள் என்று கணக்குடன் கேட்கும் ஊரை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பெரியோர்களே, குடகனாற்றுப் பாசனத்தில் விளைந்ததை மாட்டு வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் சந்தைக்கு அனுப்பினர் நம் முன்னோர். சந்தை இருந்த இடத்திற்கு அவர்கள் போக வேண்டியிருந்தது. இன்று சந்தை நாடெங்கும் பரவிக் கிடக்கிறது. அதற்குச் செல்லும் வழி நம் தெருவிலேயே ஒரு சிறிய அறையில், நாளுக்குச் சில மணி நேரம் திறந்திருக்கிறது. அவ்வழியை அமைத்தவர்கள் நாம் அல்லர். அதனைத் தூர்ந்துபோக விடாமல் காப்பது நம் கையில் உள்ளது.

ஆகவே, இங்கு வந்துள்ள ஒவ்வொரு மகளிர் குழுவும் அடுத்த மாதத்திற்குள் அனுப்பத்தக்க பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் பார்சலைத் தம் ஊர்க் கிளை அஞ்சலகத்திலேயே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊராட்சிச் செயலர்கள் தெருப் பெயரும் கதவிலக்கமும் இல்லாத வீடுகளின் பட்டியலைத் தயாரித்து ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்புங்கள். வேண்டிய நடவடிக்கை எடுப்பது எம் பொறுப்பு.